பெல் ஆய்வகங்களின் பணிப் பண்பாடு

பெல் ஆய்வகங்கள் என்பது ஐக்கிய அமெரிக்காவில் 1925 ஆம் ஆண்டு சனவரி 1 அன்று பெல் தொலைபேசி ஆய்வகங்கள் என்னும் பெயரில் நிறுவப்பட்ட தொழில்துறை ஆய்வு நிறுவனம் ஆகும். டிரான்சிஸ்டர் எனப்படும் திரிதடையம், தகவல் கோட்பாடு, யுனிக்ஸ் இயக்குதளம், சி நிரலாக்க மொழி முதலியன இங்கு உருவானவை. இங்கு நிகழ்ந்த ஆய்வுகளுக்காக 1937 இல் கிளின்டன் டேவிசன் தொடங்கி 2023 இல் லூயி புரூசு வரை பலர் நோபல் பரிசு பெற்றுள்ளனர். இக்கட்டுரை அக்கண்டுபிடிப்புகளைப் பற்றியது அன்று. இந்நிறுவனம் தன் பணியாளர்களை எவ்வாறு தேர்ந்தெடுத்தது, பயிற்றுவித்தது, மதிப்பிட்டது, எத்தகைய சூழலில் பணிபுரிய வைத்தது என்பதையும், அம்முறைகள் எதனால் இயன்றன, எவ்வாறு தளர்ந்தன என்பதையும் விளக்குகிறது.

== நிதி அடிப்படை ==

பெல் ஆய்வகங்களின் பணிப் பண்பாட்டை அதன் நிதி ஏற்பாட்டிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது. தொடக்கத்தில் இந்நிறுவனத்தின் உரிமை ஏடி அன்ட் டி நிறுவனத்திற்கும் அதன் உற்பத்திப் பிரிவான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கிற்கும் சரிபாதியாக இருந்தது. நாடெங்கும் இருந்த பெல் தொலைபேசி நிறுவனங்கள் தம் வருவாயில் ஒரு சிறு பங்கை உரிமக் கட்டணமாக ஏடி அன்ட் டிக்குச் செலுத்தின. அடிப்படை ஆய்வுக்கான செலவு இப்பணத்திலிருந்து வந்தது. குறிப்பிட்ட கருவிகளை வடிவமைத்து உற்பத்திக்குக் கொண்டுவரும் செலவை வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஏற்றது. சுருங்கச் சொன்னால், தொலைபேசி வைத்திருந்த ஒவ்வொரு வாடிக்கையாளரும் தம் மாதக் கட்டணத்தின் ஒரு துளியை ஆய்வுக்கு அளித்துவந்தார். தொலைபேசிச் சேவையில் ஏறத்தாழப் போட்டியே இல்லாத நிலையில் இவ்வருவாய் ஆண்டுதோறும் தவறாமல் கிடைத்தது.

இதன் மறுபக்கமும் உண்டு. ஏடி அன்ட் டியின் ஏகபோகத்தை எதிர்த்து அமெரிக்க அரசு 1949 இல் தொடுத்த வழக்கு 1956 இல் இணக்கத் தீர்ப்பில் முடிந்தது. அதன்படி அதுவரை பெற்றிருந்த 7,800க்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பிற அமெரிக்க நிறுவனங்கள் கட்டணமின்றிப் பயன்படுத்த இசைய வேண்டியிருந்தது. தொலைத்தொடர்புக்கு வெளியே வணிகம் செய்யவும் தடை ஏற்பட்டது. ஆய்வாளர்களுக்கு இது மறைமுகமான நன்மையாயிற்று. தம் கண்டுபிடிப்பை உடனே விற்பனைப் பொருளாக்க வேண்டும் என்ற நெருக்கடி அவர்களுக்கு இல்லாமற் போனது.

மனிதவள மேலாண்மைப் பாடநூல்களில் இடம்பெறும் புகழ்பெற்ற ஹாத்தோர்ன் சோதனைகள் (1924-1932) பெல் ஆய்வகங்களில் நடந்தவை எனச் சிலர் கருதுவதுண்டு. அவை சிகாகோ அருகே இருந்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில், உற்பத்தித் தொழிலாளர்களிடையே நடத்தப்பட்டவை.

== ஆட்சேர்ப்பு ==

முதல் தலைவரான பிராங்க் ஜூவெட், சிகாகோ பல்கலைக்கழக இயற்பியலாளர் இராபர்ட் மில்லிக்கனின் நண்பர். மில்லிக்கனிடம் பயின்ற மாணவர்கள் பலர் இவ்வழியில் தொலைபேசித் துறைக்கு வந்தனர். பின்னாளில் ஆய்வகங்களின் போக்கையே வகுத்த மெர்வின் கெல்லியும் அவர்களுள் ஒருவர். பேராசிரியர்களுடன் நேரடித் தொடர்பு வைத்து ஆளெடுக்கும் இவ்வழக்கம் இறுதிவரை நீடித்தது. ஆய்வுப் பிரிவுக்கு ஆளெடுப்பதற்காகப் பல்கலைக்கழகங்களுக்குச் சென்றவர்கள் மனிதவளத் துறை அலுவலர்கள் அல்லர், ஆய்வாளர்களே சென்றனர். ஒரே பல்கலைக்கழகத்திற்கு ஆண்டுதோறும் சென்று, முனைவர் பட்டத்தை நெருங்கும் மாணவர்களைப் பற்றி ஆசிரியர்களிடம் கேட்டறிந்தனர். கோடைக்காலப் பயிற்சிக்கு வந்த மாணவர்கள் சிலர் பின்னர் நிலையான பணியில் சேர்ந்தனர். யுனிக்ஸ் குழுவைச் சேர்ந்த பிரையன் கெர்னிகன் அவ்வாறு வந்தவரே.

1930களின் பெருமந்தத்தின்போது புதிய ஆட்சேர்ப்பு நிறுத்தப்பட்டு, பணியிலிருந்தோரின் வேலைநேரம் குறைக்கப்பட்டது. மிஞ்சிய நேரத்தில் சிலர் கொலம்பியா பல்கலைக்கழக வகுப்புகளுக்குச் சென்றனர். 1936 இல் ஆய்வு இயக்குநரான கெல்லி, தடை நீங்கியதும் வில்லியம் ஷாக்லி போன்ற இளைஞர்களைச் சேர்த்தார். அவர்கள் அப்போது புதிதாயிருந்த குவாண்டம் இயற்பியலை ஒருவருக்கொருவர் கற்பிக்கும் வாசிப்புக் குழு ஒன்றை அமைத்துக்கொண்டனர். நிறுவனம் அதற்கு இடங்கொடுத்தது. பத்தாண்டுகளுக்குப் பின் திரிதடையம் உருவானதற்கு வேண்டிய அடிப்படை அறிவின் ஒரு பகுதி இந்த வாசிப்பில் விளைந்தது.

புதிதாகச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவருக்கு இன்ன வேலையைச் செய் என்று கட்டளையிடுவது ஆய்வுப் பிரிவில் வழக்கமன்று. 1978 இல் சேர்ந்த இசுட்டீவன் சூ, முதல் ஆறு மாதங்களை நூலகத்திலும் சக ஆய்வாளர்களுடன் உரையாடுவதிலும் கழித்துவிட்டுப் பிறகு என்ன செய்வதென்று முடிவெடுக்கும்படி தம் துறைத் தலைவர் கூறியதாக எழுதியுள்ளார். ஓராண்டு கழித்து நடந்த மதிப்பீட்டில், புதியதொரு துறையையே தொடங்குவதற்குக் குறைவான எதிலும் நிறைவடையக் கூடாது என்று அவர் கண்டிக்கப்பட்டார். இவ்விரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். அவகாசம் தாராளமாக இருந்தது. எதிர்பார்ப்பு அதனினும் பெரிதாக இருந்தது. அணுக்களை லேசர் ஒளியால் குளிரூட்டிப் பிடித்து வைக்கும் ஆய்வுக்காகச் சூ 1997 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

== பயிற்சி ==

பல்கலைக்கழகக் கல்வி போதாது என்பது கெல்லியின் கருத்து. இளம் பொறியாளர்களுக்காக 1948 இல் நிறுவனத்திற்குள்ளேயே முறையான பாடத்திட்டம் ஒன்று தொடங்கப்பட்டது. பணியாளர்கள் இதனைக் "கெல்லி கல்லூரி" என்று அழைத்தனர். பின்னாளில், இளநிலைப் பட்டத்துடன் சேர்ந்தவர்களை ஓராண்டு முழுமையாகப் பல்கலைக்கழகத்திற்கு அனுப்பி முதுநிலைப் பட்டம் பெறச் செய்யும் திட்டமும் நடைமுறையில் இருந்தது. அதற்கான செலவை நிறுவனமே ஏற்றது.

== பதவிப் பெயர்களும் படிநிலையும் ==

ஆய்வாளர்களுக்கும் பொறியாளர்களுக்கும் வழங்கிய பொதுவான பதவிப் பெயர் "தொழில்நுட்பப் பணிக்குழு உறுப்பினர்" என்பதாகும். நேற்றுச் சேர்ந்தவரும் நோபல் பரிசு பெற்றவரும் இதே பெயரைத் தாங்க முடிந்தது. இளையவர் ஒருவர் ஐயம் கேட்டு வந்தால், துறை வல்லுநர் எவ்வளவு பெரியவராயினும் அவரைத் திருப்பி அனுப்பக் கூடாது என்பது எழுதப்படாத விதி. தார்ன்டன் பிரை நிறுவிய கணிதத் துறை இதனை ஒரு கடமையாகவே கொண்டிருந்தது. பிற துறையினர் கொண்டுவரும் சிக்கல்களுக்கு ஆலோசனை கூறுவதே அதன் முதற்பணி.

இது தொடர்பான கதை ஒன்று ஆய்வகங்களில் பல ஆண்டுகள் வழங்கியது. மிகுதியான காப்புரிமைகளைப் பெற்றவர்களுக்குப் பொதுவான தன்மை என்ன என்று காப்புரிமைத் துறை வழக்கறிஞர்கள் ஆராய்ந்தனராம். கல்வியிலோ துறையிலோ ஒற்றுமை எதுவும் தென்படவில்லை. அவர்களுள் பலர் ஹாரி நைக்விஸ்ட் என்னும் பொறியாளருடன் அடிக்கடி உணவருந்தியவர்கள் என்பது மட்டுமே தெரிய வந்தது. நைக்விஸ்ட் விடை கூறுபவர் அல்லர். நல்ல வினாக்களைக் கேட்பவர்.

எனினும் அனைவரும் ஒரே பெயரால் அழைக்கப்பட்டனர் என்று எண்ணிவிடக் கூடாது. கருவிகளை இயக்கிய தொழில்நுட்ப உதவியாளர்கள், கண்ணாடிக் குழல் செய்வோர், கணக்கீட்டாளர்கள், தட்டச்சர்கள் முதலியோர் இப்பதவிக்கு வெளியே இருந்தனர். மேலும் 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 25,000 பேர் பணியாற்றிய நிறுவனத்தில், ஆய்வுப் பிரிவு ஒரு சிறுபான்மையே. பெரும்பாலானோர் மின்னணு இணைப்பகங்கள், கம்பிவடங்கள், செலுத்த முறைமைகள் ஆகியவற்றைக் கால அட்டவணைப்படி உருவாக்கிய பொறியாளர்கள். பெல் ஆய்வகங்களின் "சுதந்திரம்" பற்றி எழுதப்படுபவற்றுள் பல இச்சிறுபான்மையினரின் அனுபவத்தையே நிறுவனம் முழுவதற்கும் ஏற்றிக் கூறுகின்றன.

== கட்டடமும் கதவுகளும் ==

நிறுவனத்தின் முதல் தலைமையிடம் நியூயார்க் நகரின் மேற்குத் தெரு 463 ஆம் எண் கட்டடம். 1940களின் தொடக்கத்தில் ஆய்வுப் பிரிவு நியூ ஜெர்சியின் மரே ஹில் என்னுமிடத்திற்குப் பெயர்ந்தது. இங்கு அறைகளைப் பிரித்த சுவர்கள் தேவைக்கேற்பக் கழற்றி மாற்றத்தக்கவை. முதன்மைக் கட்டடத்தின் நடைக்கூடம் ஏறத்தாழ 700 அடி நீளமுடையது. ஒருவரது அலுவலறையும் ஆய்வறையும் வெவ்வேறு நடைக்கூடங்களில் இருப்பதுண்டு. ஆதலால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும் வழியில் பிற துறையினரைச் சந்திக்காமல் இருக்க முடியாது. இயற்பியலாளர், வேதியியலாளர், உலோகவியலாளர், மின்பொறியாளர் ஆகியோரை வெவ்வேறு கட்டடங்களில் பிரித்து வைக்காமல் கலந்து அமர்த்தியதும் திட்டமிட்டே செய்யப்பட்டது.

கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யக் கூடாது என்பது மரே ஹில்லின் வழக்கம். பிழைதிருத்தக் குறிமுறையை உருவாக்கிய இரிச்சர்டு ஹேமிங் 1986 இல் ஆற்றிய உரையொன்றில் இதனைப் பற்றிப் பேசியுள்ளார். கதவை மூடிவைத்து உழைப்பவர் இன்றும் நாளையும் கூடுதலான வேலையை முடிப்பார். ஆனால் பத்தாண்டு கழித்து எந்தச் சிக்கல் உழைக்கத் தகுந்தது என்பதே அவருக்குத் தெரியாமற் போகும் என்பது அவர் கண்டது. ஹேமிங் உணவறையில் முதலில் இயற்பியலாளர்களின் மேசையிலும், பின்பு வேதியியலாளர்களின் மேசையிலும் அமர்ந்து, உங்கள் துறையின் முதன்மையான சிக்கல்கள் எவை, நீங்கள் ஏன் அவற்றில் ஈடுபடவில்லை என்று கேட்டவர். அவரை எல்லோரும் வரவேற்றார்கள் எனச் சொல்ல முடியாது.

நடைக்கூடத்தில் ஒற்றைச் சக்கர மிதிவண்டி ஓட்டிக்கொண்டும் பந்துகளை எறிந்து பிடித்துக்கொண்டும் சென்ற கிளாடு சானனின் கதை பலரும் அறிந்தது. 1948 இல் தகவல் கோட்பாட்டுக் கட்டுரையை வெளியிட்ட ஒருவருக்கு இவ்வுரிமை வழங்கப்பட்டதில் வியப்பில்லை. இத்தகைய வேடிக்கைகளைவிட அவர் அக்கட்டுரையைப் போர்க்காலப் பணிகளுக்கிடையே பல ஆண்டுகள் அமைதியாக எழுத முடிந்தது என்பதே பணிப் பண்பாடு பற்றி அதிகம் கூறுகிறது.

ஈரோ சாரினென் வடிவமைத்து 1962 இல் திறக்கப்பட்ட ஹோம்டெல் கட்டடத்தில் நடைக்கூடங்கள் கண்ணாடிப் புறச்சுவரை ஒட்டி அமைக்கப்பட்டன. அலுவலறைகள் உட்புறம் சன்னலின்றி இருந்தன. கட்டடக்கலையில் புகழ்பெற்ற இவ்வமைப்பு அங்கு வேலை செய்தோர் அனைவருக்கும் உகந்ததாக இருக்கவில்லை.

== ஆண்டு மதிப்பீடு ==

ஆய்வுப் பிரிவின் மனிதவள நடைமுறைகளுள் மிகவும் கவனிக்கத்தக்கது பணி மதிப்பீட்டு முறையாகும். கெர்னிகன் தம் நினைவுநூலில் இதனை விளக்கியுள்ளார். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை, தாம் அவ்வாண்டில் செய்தவற்றை ஒரே தாளின் ஒரு பக்கத்தில் எழுதித் தர வேண்டும். அடுத்த ஆண்டு என்ன செய்யப் போகிறோம் என்பதை எழுத வேண்டியதில்லை. ஆய்வு நிதி கேட்டு விண்ணப்பமும் எழுத வேண்டியதில்லை. துறைத் தலைவர்களும் இயக்குநரும் கூடி இவ்வறிக்கைகளின் அடிப்படையில் ஒவ்வொருவரின் பணியையும் விவாதித்து ஊதிய உயர்வை முடிவு செய்வர். தம் துறையைச் சேராதவர்களின் ஆய்வையும் தலைவர்கள் புரிந்து வைத்திருப்பது எதிர்பார்க்கப்பட்டது.

இம்முறை இயங்குவதற்கு மேலாளர்கள் அனைவரும் அறிவியல் அறிந்தவர்களாக இருக்க வேண்டும். உண்மையில் அவ்வாறே இருந்தது. துறைத் தலைவரிலிருந்து நிறுவனத் தலைவர் வரை பதவி வகித்தோர் பெரும்பாலும் ஆய்விலிருந்து மேலே வந்தவர்கள். தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் ஆய்வில் முன்னோடியான ஜான் பியர்ஸ், ஆய்வகங்களின் வெற்றிக்கான காரணங்களாகத் தொழில்நுட்பம் அறிந்த மேலாண்மை, ஆய்வாளர் பணம் திரட்ட வேண்டாத நிலை, ஒரு பொருளைப் பல ஆண்டுகள் தொடர முடிந்தமை ஆகியவற்றைக் குறிப்பிட்டுள்ளார். அவர் சேர்த்துக் கூறும் இன்னொன்று பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை: ஒரு திட்டத்தை, அதில் ஈடுபட்டவரின் பெயருக்கு ஊறு நேராமல், நிறுத்திவிட முடிந்தது.

யுனிக்ஸ் உருவான விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மல்ட்டிக்ஸ் என்னும் கூட்டுத் திட்டத்திலிருந்து பெல் ஆய்வகங்கள் 1969 இல் விலகின. அதில் ஈடுபட்டிருந்த கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலியோர் இயக்குதள ஆய்வைத் தொடரப் பெரிய கணினி ஒன்று கேட்டனர். பெருஞ்செலவில் கையைச் சுட்டுக்கொண்டிருந்த நிருவாகம் மறுத்துவிட்டது. ஆனால் அவர்களைத் தடுக்கவும் இல்லை, வேறு வேலைக்கு மாற்றவும் இல்லை. தாம்சன் கேட்பாரற்றுக் கிடந்த பிடிபி-7 கணினியில் முதல் வடிவத்தை எழுதினார். பின்னர் காப்புரிமைத் துறைக்கு விண்ணப்பங்களைத் தட்டச்சுச் செய்யும் சொற்செயலாக்க முறைமை ஒன்றைத் தருவதாகக் கூறிப் பிடிபி-11 கணினியைப் பெற்றனர். காப்புரிமைத் துறைக்கும் பயன் கிடைத்தது. மேலாளர்கள் கேட்டதைக் கொடுக்கவில்லை. அதே வேளையில் கேட்டவரைத் தண்டிக்கவும் இல்லை என்பதே இங்குக் கருதத்தக்கது.

== காப்புரிமை, குறிப்பேடு, வெளியீடு ==

பணியில் சேரும் ஒவ்வொருவரும் தம் வருங்காலக் கண்டுபிடிப்புகளின் காப்புரிமையை நிறுவனத்திற்கு மாற்றித் தரும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும். அதற்கு ஈடாக ஒரு டாலர் வழங்கப்பட்டது. திரிதடையத்தைக் கண்டவர்களுக்கும் இதே ஒரு டாலர்தான். கண்டுபிடிப்புக்குத் தனியாகப் பங்கு அளிக்காதது நியாயமா என்ற கேள்வி எழலாம். பணப் பங்கு இல்லாததால், தம் எண்ணத்தைச் சக ஆய்வாளரிடம் மறைக்கும் தூண்டுதலும் குறைவாக இருந்தது என்பது இம்முறைக்கு ஆதரவாகக் கூறப்படும் வாதம்.

பக்க எண்ணிட்டுக் கட்டப்பட்ட குறிப்பேடுகளில் அன்றாட ஆய்வைப் பதிவதும், முக்கியமான பக்கங்களில் சாட்சியாக மற்றவர் கையொப்பமிடுவதும் காப்புரிமைத் துறை வற்புறுத்திய பழக்கங்கள். 1947 திசம்பரில் நடந்த திரிதடையச் செயல்விளக்கம் வால்ட்டர் பிராட்டனின் குறிப்பேட்டில் இவ்வாறு பதிவாகியுள்ளது. கட்டுரைகள் வெளியே அனுப்பப்படுமுன் உள்ளேயே படித்துத் திருத்தப்பட்டன. 1922 முதல் வெளிவந்த பெல் முறைமைத் தொழில்நுட்ப இதழ் இத்தகைய ஆய்வுகள் பலவற்றை உலகிற்கு அறிவித்தது.

== பெண்களும் கறுப்பினத்தவரும் ==

தொடக்கப் பத்தாண்டுகளில் கணிதம் பயின்ற பெண்கள் பெரும்பாலும் கணக்கீட்டாளர்களாகவே அமர்த்தப்பட்டனர். ஆய்வாளர் பதவியில் பெண்கள் மிகச் சிலரே. 1954 இல் சேர்ந்த எர்னா ஷ்னைடர் ஹூவர் யேல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். இணைப்பகங்களில் அழைப்புகள் குவியும்போது கணினியைக் கொண்டு சுமையைச் சீர்செய்யும் முறையை அவர் உருவாக்கினார். அதன் முதல் வரைவை மகப்பேற்றுக்காக மருத்துவமனையில் இருந்தபோது எழுதினார். இதற்கான காப்புரிமை 1971 இல் வழங்கப்பட்டது.

தொழில்நுட்பப் பணிக்குழுவில் சேர்ந்த முதல் ஆப்பிரிக்க அமெரிக்கர் வேதியியலாளர் வால்ட்டர் லிங்கன் ஹாக்கின்ஸ் ஆவார். அவர் சேர்ந்த ஆண்டு 1942. அதாவது நிறுவனம் தோன்றிப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின்னர். கம்பிவடங்களின் ஞெகிழி உறை வெயிலிலும் காற்றிலும் சிதையாமல் காக்கும் வேதிப்பொருளை உருவாக்கியதில் அவருக்குப் பங்குண்டு. கெர்ஹார்டு செஸ்லருடன் இணைந்து எலெக்ட்ரெட் ஒலிவாங்கியை 1962 இல் உருவாக்கிய ஜேம்ஸ் வெஸ்ட், பின்னர்க் கறுப்பினப் பணியாளர்களின் சங்கத்தை அமைத்தவர்களுள் ஒருவர். பணியாளர்களே கொடுத்த இவ்வழுத்தத்தின் பின்னணியில், சிறுபான்மையினர் முனைவர் பட்டம் பெறுவதற்கான கூட்டுறவு ஆய்வு உதவித்தொகைத் திட்டம் 1972 இல் தொடங்கியது. பெண்களுக்கும் சிறுபான்மையினருக்குமான கோடைக்கால ஆய்வுத் திட்டம் 1974 இல் தொடங்கியது. உதவித்தொகையுடன், ஆய்வகத்தில் வழிகாட்டி ஒருவரையும் அமர்த்தியது முதல் திட்டத்தின் சிறப்பு. கோட்பாட்டு இயற்பியலாளர் ஷர்லி ஜாக்சன் 1976 இல் சேர்ந்தார். நடைக்கூடச் சந்திப்பும் திறந்த கதவும் உள்ளே வந்துவிட்டவர்களுக்கே பயன்பட்டன. வாயிலை அகலப்படுத்தியது இத்திட்டங்களும் அவற்றைக் கேட்டுப் பெற்றவர்களுமே.

== ஷாக்லி குழுவின் பிளவு ==

புகழ்பெற்ற வெற்றியே மேலாண்மைத் தோல்வியாகவும் அமைந்ததைத் திரிதடையக் குழுவின் வரலாறு காட்டுகிறது. 1947 இல் புள்ளித்தொடுகைத் திரிதடையத்தை உருவாக்கியவர்கள் ஜான் பார்டீனும் வால்ட்டர் பிராட்டனும். குழுத் தலைவரான ஷாக்லியின் பெயர் அதன் காப்புரிமையில் இடம்பெறவில்லை. இதனால் மனம் வெதும்பிய ஷாக்லி, தனியே உழைத்துச் சந்தித் திரிதடையத்திற்கான கோட்பாட்டை வகுத்தார். அறிவியல் நோக்கில் இது பெரும் சாதனை. ஆனால் அதன் பிறகு பார்டீனையும் பிராட்டனையும் அப்பணியிலிருந்து விலக்கியே வைத்தார். அக்காலத்து விளம்பரப் படத்தில் பிராட்டனின் ஆய்வு மேசை முன் அமர்ந்திருப்பவர் ஷாக்லி. மற்ற இருவரும் பின்னால் நிற்கின்றனர்.

குழு முதன்மையாகத் தம் தலைவரின் எண்ணங்களை வளர்ப்பதற்கே பயன்படுகிறது என்று 1951 இல் கெல்லிக்கு எழுதிய பார்டீன், இலினாய் பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்டார். அங்கு மீக்கடத்துமைக் கோட்பாட்டுக்காக 1972 இல் இரண்டாம் முறையாக நோபல் பரிசு பெற்றார். பிராட்டன் வேறு குழுவிற்கு மாறினார். ஷாக்லியும் 1950களின் நடுவில் வெளியேறிக் கலிபோர்னியாவில் சொந்த நிறுவனம் தொடங்கினார். தம் கீழ்ப் பணிபுரிவோருடன் மேலாளர் போட்டியிடலாகாது என்ற நெறி ஆய்வகங்களில் மதிக்கப்பட்ட ஒன்று. அதனை மீறியவரைத் தக்க காலத்தில் தடுக்க நிருவாகத்தால் இயலவில்லை.

== 1984 பிரிவினைக்குப் பின் ==

இரண்டாவது ஏகபோகத் தடுப்பு வழக்கின் விளைவாக 1984 சனவரி 1 அன்று உள்ளூர்த் தொலைபேசி நிறுவனங்கள் ஏடி அன்ட் டியிலிருந்து பிரிக்கப்பட்டன. உரிமக் கட்டணம் வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. ஆய்வகத்தின் ஒரு பகுதி பெல்கோர் என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. அதே வேளையில் கணினி வணிகத்தில் இறங்க ஏடி அன்ட் டிக்கு அனுமதி கிடைத்தது.

மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. 1984 க்குப் பின்னரும் பல ஆண்டுகள் அடிப்படை ஆய்வு தொடர்ந்தது. எனினும் வெளிப்படைத் தன்மை குறையத் தொடங்கியது. நரேந்திர கர்மார்கர் நேரியல் நிரலாக்கத்திற்கான தம் வழிமுறையை 1984 இல் வெளியிட்டபோது, அதனை நடைமுறையில் இயக்கிப் பார்க்கப் போதிய விவரங்கள் தரப்படவில்லை எனப் பிற கணிதவியலாளர்கள் குறைகூறினர். ஏடி அன்ட் டி அதற்குக் காப்புரிமை பெற்று, வணிக மென்பொருளாக விற்க முனைந்தது. கணித வழிமுறை ஒன்றைப் பூட்டி வைக்கலாமா என்ற விவாதம் அப்போது எழுந்தது.

1996 இல் ஏடி அன்ட் டி மீண்டும் பிரிந்தபோது பெல் ஆய்வகங்களின் பெரும்பகுதி லூசென்ட் டெக்னாலஜிஸ் நிறுவனத்திற்குச் சென்றது. எஞ்சிய ஆய்வாளர்கள் ஏடி அன்ட் டியிலேயே தனி ஆய்வகமாயினர். 2001 இல் தொலைத்தொடர்புச் சந்தை வீழ்ந்ததும் லூசென்ட் பெருமளவில் ஆட்குறைப்புச் செய்தது.

== ஷோன் முறைகேடு ==

இக்காலத்தில் வெளிப்பட்ட ஆய்வு மோசடி ஒன்று நிறுவனத்தின் பணிமுறைகளையே கேள்விக்குள்ளாக்கியது. 1998 இல் சேர்ந்த இயற்பியலாளர் யான் ஹென்ட்ரிக் ஷோன், கரிமக் குறைகடத்திகள் பற்றி வியத்தகு முடிவுகளை அடுத்தடுத்து முன்னணி இதழ்களில் வெளியிட்டார். வெவ்வேறு சோதனைகளைச் சேர்ந்த வரைபடங்களில் இரைச்சல் உட்பட ஒரே தரவு இருப்பதை 2002 இல் வெளிப் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினர். இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் மால்கம் பீஸ்லி தலைமையில் விசாரணைக் குழுவை நிறுவனமே அமைத்தது. ஆராயப்பட்ட 24 குற்றச்சாட்டுகளுள் 16 மெய்ப்பிக்கப்பட்டதாக அக்குழு 2002 செப்டம்பரில் அறிவித்தது. ஷோன் பணிநீக்கம் செய்யப்பட்டார். உடன் எழுதியோர் மோசடியில் ஈடுபடவில்லை என்று குழு கண்டது.

மூலத் தரவுகளைக் கணினியில் இடமின்மையால் அழித்துவிட்டதாக ஷோன் கூறினார். முறையான குறிப்பேடும் அவரிடம் இல்லை. பக்கத்துக்குப் பக்கம் சாட்சிக் கையொப்பம் கேட்ட நிறுவனத்தில் இது நடந்தது. அவரது சோதனைகளுள் முக்கியமான பல, பிறர் உடனில்லாத நிலையில் செய்யப்பட்டவை. வியப்பான முடிவைக் கேட்ட சக ஆய்வாளர் நடைக்கூடத்தைக் கடந்து வந்து கருவியைத் தாமே பார்க்கும் பழைய வழக்கம் அவரளவில் செயற்படவில்லை. ஆட்குறைப்புக் காலத்தில் நற்செய்தியை நாடிய நிருவாகமும் உரிய ஐயத்தை எழுப்பவில்லை என்று சிலர் கருதுகின்றனர். மறுபுறம், விசாரணையை வெளியாரிடம் ஒப்படைத்து, அறிக்கையை முழுமையாக வெளியிட்டது பாராட்டப்பட்டது.

== பிற்கால நிலை ==

லூசென்ட் 2006 இல் பிரான்சின் அல்காட்டெல் நிறுவனத்துடன் இணைந்தது. 2008 இல் அல்காட்டெல்-லூசென்ட் அடிப்படை இயற்பியல் ஆய்விலிருந்து விலகி, வலையமைப்பு, மென்பொருள் போன்று தன் வணிகத்திற்கு நெருக்கமான துறைகளில் கவனம் செலுத்த முடிவெடுத்தது. 2016 இல் பின்லாந்தின் நோக்கியா நிறுவனம் அல்காட்டெல்-லூசென்டை வாங்கியதும் பெல் ஆய்வகங்கள் அதன் ஆய்வுப் பிரிவாயின.

ஹோம்டெல் கட்டடம் 2000களின் பிற்பகுதியில் காலியாயிற்று. சில ஆண்டுகள் பூட்டிக் கிடந்த பின், பல நிறுவனங்களின் அலுவலகங்கள், கடைகள், நூலகம் ஆகியவை கொண்ட வளாகமாக பெல் ஒர்க்ஸ் என்ற பெயரில் மாற்றப்பட்டது. 2023 திசம்பரில் நோக்கியா, மரே ஹில்லில் உள்ள ஆய்வகத்தை நியூ ஜெர்சியின் நியூ பிரன்ஸ்விக் நகரில் கட்டப்படும் புதிய கட்டடத்திற்கு மாற்றவிருப்பதாக அறிவித்தது.